வீடு இலவசம், அப்புறம் என்ன கஷ்டம்? போதகர் குடும்பம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி, 2 பிப்ரவரி

எங்கள் சபையில் போதகருக்குச் சம்பளம் கூட்ட வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. வீடு சபை கொடுக்கிறது. தண்ணீர், மின்சாரக் கட்டணமும் சபைதான் கட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆராதனை, வாரத்தில் ஒரு ஜெபக்கூட்டம். மனைவியும் வெளியே வேலை பார்க்கிறார். வீடு இலவசம், அப்புறம் என்ன கஷ்டம்? குறை சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

2 பிப்ரவரி, இரவு

அண்ணே, நான் போதகர் மகள். அப்பா சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்ட் சபைகளில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். நீங்கள் உண்மையாகவே கேட்கிறேன் என்றதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு மணி நேரம். சபையில் ஒருவர் இறந்தால் புளோக் கீழ்த்தளத்தில் மூன்று நாள் உடலை வைத்திருப்பார்கள். மூன்று இரவும் ஜெபம், அப்புறம் அடக்க ஆராதனை, பிறகு மண்டாய் தகனசாலை அல்லது சுவா சூ காங் கல்லறை. அதே வாரத்தில் ஒரு கல்யாணமும் இருக்கும். மருத்துவமனைக்குப் போவது, சிறைக்குப் போவது, கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பது, ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளின் விடுதிகளுக்குப் போய்வருவது, இவையெல்லாம் சபை அறிவிப்புத் தாளில் வராத வேலைகள். திங்கட்கிழமை விடுமுறை என்பது பேருக்குத்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஒரு பெரிய மூடி இருக்கும். பாதிச் சாப்பாட்டில் தொலைபேசி வந்தால் அப்பாவின் தட்டை மூடி வைக்க.

3 பிப்ரவரி

வீடு பற்றிக் கேட்டீர்கள். அதுதான் இதில் பெரிய விஷயம், அதனால் தனியாக எழுதுகிறேன்.

சபை வீடு நம் வீடு இல்லை. ஊழியம் இருக்கும்வரை இருக்கலாம். "ஓய்வு பெறும்போது வேண்டிய வீட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமே" என்று எல்லோரும் சொல்வார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினால் அதில் குறைந்தது ஐந்து ஆண்டு நாமே குடியிருக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து விற்பனைக்கு வந்த பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்து ஆண்டு. அதற்கு முன் வீடு முழுவதையும் வாடகைக்கு விட முடியாது, விற்கவும் முடியாது. சபை வீட்டில் இருக்க வேண்டிய போதகர் எப்படித் தன் சொந்த வீவக வீட்டில் ஐந்து ஆண்டு குடியிருப்பார்? தனியார் வீடு வாங்க அந்தச் சம்பளம் போதாது. எங்கள் வகுப்பில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் நாற்பது வயதில் வீட்டுக்கடனைப் பாதி கட்டி முடித்திருந்தார்கள். அப்பா, அம்மாவிடம் அந்த வயதில் இருந்தது புத்தக அலமாரிகள்தான்.

அப்பா ஓய்வு பெற்றபோது வீட்டைக் காலி செய்ய நாள் குறித்துக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். புதிய போதகர் குடும்பத்துக்கு அந்த வீடு வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதம் வரும் என்று முப்பது ஆண்டாக எல்லோருக்கும் தெரியும். எந்தச் செயற்குழுக் கூட்டத்திலும் "இவர்கள் பிறகு எங்கே போவார்கள்" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். பிறகு பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து ஒரு மறுவிற்பனை மூவறை வீடு பார்த்துக் கொடுத்தோம். அப்பாவின் விளக்கவுரை நூல்கள் அந்த வீட்டுக்குள் அடங்கவில்லை. பெட்டி பெட்டியாக இளம் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

3 பிப்ரவரி, பிற்பகல்

"போதகருக்கு மத்திய சேமநிதி இருக்குமே" என்று கேட்ட தம்பிக்கு: இருக்கும். சம்பளம் குறைவாக இருந்தால் அதிலிருந்து சேமநிதிக்குப் போகும் பங்கும் குறைவுதான். இலவச வீட்டைக் காட்டிச் சம்பளத்தைக் குறைவாக வைக்கும்போது, போதகரின் முதுமைக் காலச் சேமிப்பும் சேர்ந்தே குறைகிறது.

5 பிப்ரவரி

வீட்டைப் பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். சேர்க்க ஒன்று இருக்கிறது. அந்த வீடுகள் எங்களுக்குச் சந்தோஷமும் கொடுத்தன. கிறிஸ்துமஸ் மாதத்தில் கேரல் பாடப் போகும் வாலிபர் கூட்டம் புறப்படுவதும் எங்கள் வீட்டிலிருந்து, இரவு பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து சுக்குக் காப்பி குடிப்பதும் எங்கள் வீட்டில். ஊரிலிருந்து வந்து போக்கிடம் இல்லாத யாராவது ஒருவர் வரவேற்பறையில் படுத்திருப்பார். பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்குப் போகும்போது அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். மனிதர்களைப் பயமில்லாமல் பார்க்க அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் வேறொன்றும் உண்டு. எங்கள் அறைக் கதவு உடைந்தபோது அதைச் சரிசெய்ய சபைச் சொத்துக்குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. குழுவிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. என் அறையை அப்படி நான்கு ஆண்கள் நின்று பார்த்தது இன்றும் பிடிக்கவில்லை.

6 பிப்ரவரி

ஒருவர், "வெஸ்லி குடும்பம் எப்படிப்பட்ட வறுமையில் ஊழியம் செய்தது, அவர்கள் சம்பளம் கேட்டார்களா" என்று எழுதியிருக்கிறார். மெதடிஸ்ட் சபைக்காரர்கள் நாம் அடிக்கடி சொல்வது இது. அந்த வீட்டுக் கதையை முழுசாகச் சொல்லலாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அப்பா சாமுவேல், இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் குருவானவர். அம்மா சூசன்னா. பத்தொன்பது பிள்ளைகள் பெற்றார், பத்துப் பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். 1705இல் சாமுவேல் கடன் கட்ட முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போனார். அதுவும் முப்பது பவுண்டுக்குக் குறைந்த கடன். அப்போது யார்க் பேராயர் சூசன்னாவிடம், எப்போதாவது ரொட்டிக்கே வழியில்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டார். ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் சாப்பிடும் முன் அதைச் சம்பாதிக்கப் பட்ட பாடும், சாப்பிட்ட பின் அதற்குப் பணம் கொடுக்கப் பட்ட பாடும் அதைக் கசப்பாக்கிவிட்டன என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வெஸ்லி வீட்டு வறுமையைப் போதகர்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வராது. சூசன்னா அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கேட்டவர் பேராயர், அதனால் உள்ளதைச் சொன்னார்.

அப்புறம் 1709 பிப்ரவரி 9 இரவில் அந்தக் குருமனை தீப்பிடித்தது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகத்தான் இறக்கினார்கள். ஞாயிறு பள்ளியில் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டிருப்போம். வீடு எரிந்த பிறகு பிள்ளைகளை வெவ்வேறு வீடுகளில் பிரித்து வைக்க வேண்டிவந்ததை யாரும் சொல்வதில்லை.

6 பிப்ரவரி, இரவு

இன்னொன்று. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவிலும் சூசன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமையைக் கேட்டு அம்மாவுக்கு எழுதினார். போதகர் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அந்த ஏக்கம் புரியும். எங்களுக்கு அப்பா கிடைத்தது கார் பயணத்தில்தான். யாரையோ பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். காரில் பேசுவோம், நான் கீழே காத்திருப்பேன், திரும்பும்போது மறுபடி பேசுவோம்.

9 பிப்ரவரி

"போதகரம்மா வேலைக்குப் போகிறார்" என்று கேள்வியிலேயே இருக்கிறது. என் அம்மா தாதி. அரசாங்க மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்ட் விழுந்தால் அம்மா ஆராதனையில் இருக்க மாட்டார். ஒரு சபையில் இதைப் பற்றி அப்பாவிடம் குழுவாக வந்து பேசினார்கள். மாதர் சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளி, ஆராதனை முடிந்து தேநீர், ஸ்தோத்திரப் பண்டிகைச் சமையல், எல்லாவற்றிலும் போதகரம்மா முன்னால் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சபை நியமித்தது அப்பாவை. அம்மாவுக்கு நியமனக் கடிதமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் வேலை மட்டும் இருந்தது. அம்மா அதற்கு அவர்களிடம் சொன்னது: "நான் வார்டில் பார்ப்பதும் ஊழியம்தான்." வேறு எதுவும் பேசவில்லை.

இது சிங்கப்பூரில் மட்டும் உள்ள எதிர்பார்ப்பு இல்லை. நம்முடைய திருநெல்வேலி வேர்களிலிருந்தே வருகிறது. அங்கே போதகரை ஐயர் என்பார்கள்; அவர் மனைவி ஐயரம்மா என்றால் பாதி சபையை நடத்துபவர். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசாவை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகள் அவர். 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்தார். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்து அந்தப் பெண்கள் கையில் காசு வர வழி செய்தார். அவர் தமிழ் நாட்டில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகத் தெரியும். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. எலைசாவைப் பற்றித் தனியாக எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

9 பிப்ரவரி, சற்றுப் பிறகு

நம் ஊரிலும் ஒரு கதை உண்டு. சோஃபியா பிளாக்மோர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1887 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15 அன்று, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்தது. அவர் யாருக்கும் மனைவியாக வரவில்லை. மிஷனரியாகத் தன் பெயரில், தன் நியமனத்தில் வந்தார். ஒரு பெண் செய்யும் வேலையை அவருடைய வேலை என்றே பதிவு செய்ய அந்தக் காலத்திலேயே வழி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

12 பிப்ரவரி

மாற்றல் பற்றி ஒரு அக்கா கேட்டார்கள். மெதடிஸ்ட் முறையில் ஆண்டு மாநாட்டின் கடைசியில் நியமனங்களை வாசிப்பார்கள். எந்தப் போதகர் எந்தச் சபைக்கு என்று அங்கேதான் எல்லோருக்கும் தெரியவரும். வாசிக்கும் அந்த நேரத்தில் போதகர் பிள்ளைகள் பின்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஈசூனா, ஜூரோங்கா, தோ பாயோவா என்று. "சிங்கப்பூர் என்ன பெரிய தூரமா, எம்ஆர்டியில் ஒரு மணி நேரம்" என்பார்கள். பிள்ளைக்குத் தூரம் பெரிதுதான். தொடக்கநிலை ஒன்றுக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளி என்று முன்னுரிமையில் இடம் வாங்கினால், அந்த முகவரியில் முப்பது மாதம் இருக்க வேண்டும் என்று விதி. நடுவில் மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு இளம் போதகர் குடும்பம் போன ஆண்டு என்னிடம் கேட்டது. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையை மாநாட்டுக்கு முன்பே தலைவரிடம் எழுத்தில் சொல்லுங்கள் என்றேன். கூச்சப்பட்டார்கள். கூச்சப்பட வேண்டாம்.

சிங்கப்பூர் மெதடிஸ்ட் ஊழியமே ஒரு நியமனத்தில் தொடங்கியதுதான். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் அமெரிக்காவில் படித்துவிட்டு இந்தியாவில் ஊழியம் செய்யத் திரும்பினார். அவரைச் சிங்கப்பூருக்குப் போட்டார்கள். 1885 பிப்ரவரியில் தோபர்ன் ஐயருடன் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1889இல் உடல்நலம் கெட்டுப் புறப்பட வேண்டிவந்தது. அவர் கட்டியதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். நான்கு ஆண்டில் ஒரு மனிதர் உடல் ஓய்ந்துபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

13 பிப்ரவரி

ஜான் வெஸ்லியின் கல்யாணம் பற்றி எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

1751இல் மேரி வசேல் என்ற கைம்பெண்ணைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் ஆன ஒரு மாதத்தில், கல்யாணமான பிரசங்கியார் தனியாளாக இருந்ததைவிட ஒரு பிரசங்கமோ ஒரு நாள் பயணமோ குறைத்தால் கடவுளுக்கு என்ன பதில் சொல்வார் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அப்படியேதான் நடந்துகொண்டார். அந்த மணவாழ்க்கை முறிந்தது. மேரி 1781இல் இறந்தபோது, அடக்கம் நடந்த பிறகுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது.

தம்பி சார்ல்ஸ் வேறு மாதிரி. 1749இல் சாரா குவின்னை மணந்தார். பெண்ணின் அம்மா, ஆண்டுக்கு 100 பவுண்ட் நிச்சயமான வருமானம் காட்டினால்தான் பெண் கொடுப்பேன் என்றார். அண்ணன் ஜானே முன்வந்து, புத்தக விற்பனையிலிருந்து அந்தப் பணம் வரும் என்று உறுதி கொடுத்தார். சில ஆண்டுகளில் சார்ல்ஸ் ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டு குடும்பத்தோடு இருந்தார். பாடல் எழுதுவது நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் எழுதினார்.

குதிரையில் அலைந்தவரைப் பற்றித்தான் போதகர்களுக்குப் பிரசங்கம் செய்கிறோம். வீட்டில் இருந்தவரின் பாட்டைத்தான் கிறிஸ்துமஸ் காலையில் உலகம் முழுவதும் பாடுகிறது. நான் இளம் போதகர்களிடம் சார்ல்ஸைப் பற்றியே பேசுவேன். என் அப்பாவுக்கு இது பிடிக்காது, ஜானைக் குறைத்துப் பேசுகிறாய் என்பார். நாங்கள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

17 பிப்ரவரி

"உன் அண்ணன் சபைக்கு வருகிறாரா" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அண்ணனிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

பதினேழு வயதில் அண்ணன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினான். முடி வளர்த்தான். சபையில் பெரியவர்கள் அப்பாவிடம் வேதவசனம் காட்டினார்கள், தன் வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று. தீமோத்தேயு நிருபத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு பதினேழு வயசுப் பையன் காதுபட அதைச் சொன்னவர்கள், அவன் எதற்காக வரவில்லை என்று அவனிடம் ஒரு தடவை கேட்டதில்லை.

வெஸ்லி வீட்டில் ஹெட்டி என்று ஒரு மகள். எட்டு வயதில் கிரேக்கம் படித்தவள், கவிதை எழுதியவள். 1725இல் நம்பியவனோடு வீட்டை விட்டுப் போய், ஏமாந்து, கர்ப்பமாகத் திரும்பினாள். அவளைப் பொருத்தமில்லாத ஒருவனுக்கு அவசரமாகக் கட்டிவைத்தார்கள். அப்பா சாமுவேல் கடைசிவரை மனம் இறங்கவில்லை. ஜான் அடுத்த ஆண்டு, இரக்கத்தைப் பற்றி அப்பா காதுக்கு எட்டும்படி ஒரு பிரசங்கமே செய்தார். குருவானவர் வீட்டு மகள் தவறியதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் அப்பா சாமுவேல் மாதிரி செய்யவில்லை. சனிக்கிழமை மாலை பிரசங்கம் தயாரிக்கும் நேரம், அந்த நேரத்தில் அண்ணன் பந்து விளையாடும் ஃபேரர் பார்க் திடலில் போய் நின்றார். சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆண்டு அவர் பிரசங்கங்கள் சரியில்லை என்று புகார் வந்தது. அண்ணன் இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். எல்லா ஞாயிறும் இல்லை. அப்பாவும் அவனும் தினம் பேசுகிறார்கள்.

18 பிப்ரவரி

ஒருவர் கேட்டார், இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களுக்குக் கசப்பில்லையா என்று. அந்தப் புகார்மேல் எனக்குக் கோபம் உண்டு. சொத்துக்குழுமேலும் உண்டு. ஊழியத்தின்மேல் இல்லை.

2000களின் தொடக்கத்தில் பிடாடரிக் கல்லறையைத் தோண்டி அப்புறப்படுத்தியபோது, சபையில் சில குடும்பங்கள் தாத்தா பாட்டியின் எலும்புகளை எடுக்க வேண்டியிருந்தது. அப்பா அவர்களோடு போய் நின்று ஜெபம் செய்தார். சுவா சூ காங்கிலும் இப்போது பதினைந்து ஆண்டுதான், அப்புறம் எடுத்துவிடுவார்கள். அங்கும் போயிருக்கிறார். ஒரே மனிதருக்காக இரண்டாம் தடவை ஜெபம் செய்யும் வேலை, வேறு யார் செய்வார்கள்? நான் ஒரு தடவை கூடப் போனேன். ஒரு வயதான அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்பாவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலைதான்.

தமிழும் அந்த வீட்டில்தான் வந்தது. இரவு குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். "உன்னதமானவரின் மறைவில்" என்று தொண்ணூற்றோராம் சங்கீதத்தைத் தூக்கக் கலக்கத்தில் வாசித்து வாசித்தே நீளமான தமிழ் வாக்கியம் எங்களுக்குப் பழகியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாட்டி பாடிப் பழக்கினார். பள்ளியில் தமிழாசிரியர், எங்கே கற்றாய் என்று கேட்டார்.

22 பிப்ரவரி

டிரினிட்டி இறையியல் கல்லூரியில் படிக்கப்போகும் ஒருவருக்கு நிச்சயம் செய்யப்பட்டிருக்கும் தங்கச்சி எழுதியிருக்கிறார், பயமாக இருக்கிறது என்று.

தங்கச்சி, அந்தக் கல்லூரியே சாங்கி சிறையில் அடைபட்டிருந்த மிஷனரிகள் போருக்குப் பிறகு வேண்டும் என்று திட்டமிட்டதிலிருந்து வந்தது, 1948இல் தொடங்கியது. என் அப்பா மவுண்ட் சோஃபியா வளாகத்தில் படித்தார், இப்போது புக்கிட் தீமா பக்கம் இருக்கிறது. நல்ல இடம். பயப்படாதே.

ஆனால் கல்யாணத்துக்கு முன் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசு. சாரா குவின்னின் அம்மா கேட்டாரே, அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. வீட்டுப்படி (வீட்டுக்குப் பதிலாகப் பணம்) கொடுப்பார்களா, சபை வீடா என்று கேள். வீட்டுப்படி என்றால் வீவகவில் சொந்த வீடு வாங்கி அதிலேயே இருக்கலாம். உன் வேலையை விடாதே, விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால் ஒழிய. சபையில் நீ எந்தப் பொறுப்பை எடுப்பாய், எதை எடுக்க மாட்டாய் என்று முதல் மாதத்திலேயே இருவரும் சேர்ந்து செயற்குழுவிடம் சொல்லுங்கள். சபைக்கு வெளியே ஒரு தோழியை வைத்துக்கொள். என் அம்மாவுக்கு அந்தத் தோழி, வார்டில் வேலை பார்த்த ஒரு மலாய்ச் சகோதரி. அம்மா அழுதது அவரிடம் மட்டும்தான் என்று பல ஆண்டு கழித்துத் தெரிந்தது.

23 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்ட அண்ணனுக்கு: நீங்கள் செயற்குழுவில் இருப்பதாக இப்போது எழுதியிருக்கிறீர்கள். நல்லது. சம்பளம் எவ்வளவு கூட்டுவது என்று பேசும் முன் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். உங்கள் போதகரின் சேமநிதியில் ஓய்வுக்குப் பிறகு ஒரு வீடு வாங்கப் போதுமான பணம் சேருமா? அவர் கடைசியாகக் குடும்பத்தோடு முழு நாள் விடுமுறை எடுத்தது எப்போது? போதகரம்மாவிடம் யாராவது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் கணவர் இல்லாத நேரத்தில் கேட்டதுண்டா?

போதகரே இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அப்பா ஒரு தடவையும் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்ன முடிவாயிற்று என்று இங்கே எழுதுங்கள், சபைப் பெயர் வேண்டாம். வீட்டுப்படி முறைக்கு மாறிய சபைக்காரர்கள் யாராவது இருந்தால், அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தங்கச்சிக்கு உதவும்.